மெஹர்பானு எண்ணிய நாற்பது பேர்

மெஹர்பானு லாத்தாவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் 'தங்கமான மனுஷி, பொறுமைசாலி' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொறுமையாவது ஒன்றாவது! அவரைப் போல ஒரு அவசரக்காரியை, பிடிவாதக்காரியை, ஒரு கேள்வியைக் கையில் எடுத்தால் எதிராளி பதில் சொல்லும் வரை நகரவே நகராத ஆளை நான் பார்த்ததில்லை. அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் மாயாபந்தரில் எங்கள் முஸ்லிம் ஜனத்துக்கு ஜமாஅத் என்று ஒன்று இருந்திருக்காது. நானும் இங்கே இருந்திருக்க மாட்டேன்.

என் பெயர் செய்யது இபுராகீம். ஊரில் இபுராம்சா. 1956-இல் வனத்துறை அலுவலகத்தில் குமாஸ்தாவாக மாயாபந்தரில் வந்து இறங்கியபோது எனக்கு இருபத்து நான்கு வயது. அன்றைய மாயாபந்தர் என்பது கப்பல் அணைகிற ஒரு ஜெட்டி, நாலைந்து அரசாங்க ஆபீஸ், மரம் அறுக்கிற ஆலை, பத்துப் பன்னிரண்டு கடை, சுற்றிலும் காடு. தீவுகளுக்குத் தலைநகரான போர்ட் பிளேர் போக வேண்டுமென்றாலே கப்பல்தான். மெட்ராஸுக்குப் போக மாதம் ஒரு கப்பல் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அங்கே இருந்த எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி. 'அடுத்த கப்பல்ல மெயின்லேண்ட் போயிருவேன்' என்கிற வியாதி. பத்து வருடமாகக் கடை வைத்திருப்பவர் கூடச் சுவரில் ஒரு ஆணி அடிக்க மாட்டார். சட்டையைத் தகரப்பெட்டிக்குள்தான் மடித்து வைப்பார். பெண்டாட்டி பிள்ளைகள் கீழக்கரையிலோ தொண்டியிலோ இருப்பார்கள். நானும் அப்படித்தான். வந்து இறங்கிய அன்றே திரும்பிப் போவதைப் பற்றி வீட்டுக்குக் கடிதம் எழுதியவன்.

இதில் மாறுபட்டவர் நூர்முகம்மது காக்கா ஒருவர்தான். எங்களில் அண்ணன் முறையைக் காக்கா என்போம், அக்கா முறையை லாத்தா என்போம். ஜெட்டிக்குப் போகிற பாதையில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கீழக்கரையிலிருந்து மனைவியையே கூட்டி வந்துவிட்டார். கீழக்கரைப் பெண் கடல் தாண்டுவதா என்று ஊரே வாயைப் பிளந்தது. அங்கே பெண் பிறந்தால் அவள் பெயருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பார்கள், அவள் கடைசிவரை அந்த வீட்டில்தான் இருப்பாள். அந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் கப்பலேறியவர்தான் மெஹர்பானு லாத்தா. அவர்களுக்குப் பிள்ளையில்லை. கடையில் அவர் கணவரும் அவருமாகச் சரக்கு கட்டுவதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும்.

1958 ஜனவரியில் நூர்முகம்மது காக்கா காய்ச்சலில் படுத்தார். ஆறாம் நாள் மௌத்தாகிவிட்டார். மேட்டில் காட்டை வெட்டி ஒரு குழி தோண்டி அடக்கினோம். மாயாபந்தரில் எங்கள் ஜனத்தில் அதுதான் முதல் கபுரு. லாத்தா விதவைக்குரிய இத்தா நான்கு மாதம் பத்து நாள் இருந்தார். வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நாங்கள் எல்லாரும் அவர் அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விடுவார் என்று தீர்மானமே செய்துவிட்டோம். அவரைத்தான் யாரும் கேட்கவில்லை.

இத்தா முடிந்த மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போகிறேன், கடை திறந்திருக்கிறது. உள்ளே வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு லாத்தா.

"இபுராம்சா தம்பி, நில்லுங்க. ஒரு கடுதாசி எழுதணும்" என்றார்.

அவருடைய அண்ணன் மீராசாவிடமிருந்து வந்த கடிதத்தை என் முன்னே போட்டார். படித்தேன். அக்டோபர் கப்பலில் வந்து கூட்டிப் போகிறேன், உன் வீட்டைச் சுண்ணாம்படித்துத் தயாராக வைத்திருக்கிறேன் என்று பாசமாகத்தான் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'வெள்ளிக்கிழமை ஜும்ஆ கூட நடக்காத இடம் ஒரு ஊரா? அங்கே ஒரு விதவைப் பெண் யாரை நம்பி இருப்பது?'

எனக்கு அந்த வரி நியாயமாகப் பட்டது. அதைச் சொல்லவும் செய்தேன்.

லாத்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அங்க போனா நான் மீராசா காக்கா வீட்டுல சோறு திங்கிற தங்கச்சி. இங்க எனக்கு ஒரு கடை இருக்கு. அவுகளை இந்தக் காட்டு மேட்டுல ஒத்தையா விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? ரெண்டு மழை பேஞ்சா கபுரு எங்கன்னு தெரியாது" என்றார். பிறகு முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க. ஜும்ஆ நடந்தா என்னை இங்க விட்டுருவீங்களா? உண்டு இல்லைன்னு ஒத்த வார்த்தையில பதில் போடுங்க" என்றார்.

எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'நடந்தால் விட்டுவிடுகிறேன்.' நடக்காது என்ற தைரியத்தில் மீராசா எழுதிய பதில் அது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏன் நடக்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடற்கரை முஸ்லிம்களும் மாப்பிள்ளைமார் என்கிற மலையாளத்து முஸ்லிம்களும் ஷாஃபி மத்ஹபை, அதாவது ஷாஃபி சட்டப் பிரிவைப் பின்பற்றுகிறவர்கள். எங்கள் சட்டப்படி வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை கூட வேண்டுமானால் வயது வந்த ஆண்கள் நாற்பது பேர் வேண்டும். முப்பத்தொன்பது பேர் இருந்தாலும் கூடாது, தொழுதாலும் செல்லாது. மற்ற நாளைப் போல நடுப்பகல் லுஹர் நான்கு ரக்அத் தொழுதுவிட்டுக் கலைய வேண்டியதுதான். மாயாபந்தரில் கடைக்காரர்கள், ஆபீஸ்காரர்கள், மரம் அறுக்க வந்த மாப்பிள்ளைமார் என்று எல்லாருமாக நாங்கள் முப்பத்திரண்டு பேர். 'எட்டுப் பேர்தான் குறையுது, எட்டுப் பேர்தான் குறையுது' என்று வருடக்கணக்காக வெள்ளிதோறும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குத் தொழவைத்தவர் உதுமான் லெப்பை. தொண்டிக்காரர். கண்டிப்பானவர், ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற மனிதர். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தோம். பள்ளிவாசல் என்று நாங்கள் சொன்னது ஒரு பலகைக் கொட்டகை, மேலே தகரம். பலகை ஜன்னலுக்கு வெளியே துப்பட்டி தெரிந்தது.

"லெப்பை, அந்த நாற்பது பேரு யார் யாராம்? கிதாபுல என்ன போட்டிருக்குன்னு ஒரு தடவை சத்தமாப் படிங்க" என்றார் லாத்தா.

லெப்பை கிதாபை எடுத்தார். படித்துக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நின்றார். திரும்பப் படித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சும்மா நாற்பது பேர் பத்தாதும்மா. இதையே தன் ஊரா வச்சுக்கிட்டவங்களா இருக்கணும். வெயில் காலமோ மழைக் காலமோ, ஒரு காரியத்துக்காக அன்றி ஊரை விட்டுப் போக மாட்டேன்கிறவங்களா இருக்கணும். திரும்பிப் போற எண்ணத்துல தங்கியிருக்கவன் கணக்குல வர மாட்டான்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த கப்பலில் போகிறவர்கள் நாங்கள்!

"அப்ப இதுதான் என் ஊருன்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க" என்றார் லாத்தா வெளியிலிருந்து.

பதினோரு கை எழுந்தது. நிலம் கிடைத்துக் குடியேறிய எட்டு மாப்பிள்ளைமார், எங்களில் மூன்று பேர். எட்டுப் பேர் குறைகிறது என்று அழுதுகொண்டிருந்தவர்களுக்கு உண்மையில் இருபத்தொன்பது பேர் குறைந்தது. வருடக்கணக்காகத் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறோம். குஞ்ஞாலி என்கிற மாப்பிள்ளை சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"லெப்பை, நீங்க கை தூக்கலையே?" என்றது ஜன்னல்.

லெப்பைக்கு முகம் சிவந்துவிட்டது. தொண்டியில் அவருக்கு மூன்று பெண்கள், கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். "நான் தொழவைக்கலாம். ஆனா எண்ணிக்கையில வர மாட்டேன். என்னைச் சேர்க்காமலே நாற்பது பேர் வேணும்" என்றார். அந்த நேர்மைக்காக அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

மறுநாளிலிருந்து லாத்தா கிளம்பிவிட்டார். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீடு வீடாகப் போவார். கையில் ஒரு சணல் கயிறு. ஒரு ஆள் 'இதுதான் என் ஊர்' என்றால் ஒரு முடிச்சு. யாரையும் அவர் கெஞ்சவில்லை. "எனக்காகச் சொல்ல வேணாம். பொய்யாவும் சொல்ல வேணாம். ராத்திரி படுத்து யோசிச்சுட்டு உண்மையைச் சொல்லுங்க" என்பார். சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி: "மெயின்லேண்ட் போய் எத்தனை வருஷம் ஆச்சு?"

அந்தக் கேள்விதான் ஆட்களை அசைத்தது. மூன்று வருடம், ஐந்து வருடம், ஏழு வருடம். எங்கள் பெரிய கடைக்காரர் அகமது நைனா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பதினோரு வருடம்! தென்னந்தோப்பு இங்கே, மகன் இங்கே, படகு இங்கே. "அட, நான் எப்பவோ இந்த ஊர்க்காரன் ஆயிட்டேன், எனக்குத்தான் யாரும் சொல்லலை" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் மற்றக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் ஊருக்குக் கடிதம் போட்டுக் குடும்பத்தை வரச்சொன்னார்கள். மாப்பிள்ளைமாரில் மிச்சமிருந்த ஆறு பேரும் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் இருபத்தொன்பது முடிச்சு.

என்னிடமும் வந்தார். நான் உண்மையைச் சொன்னேன். மாமா எனக்கு மெட்ராஸில் ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்து வைத்திருந்தார். அக்டோபர் கப்பலுக்கு டிக்கெட் கூட எடுத்தாகிவிட்டது. லாத்தா கோபித்துக்கொள்ளவில்லை. "உண்மையைச் சொன்னீங்களே, அது போதும்" என்று போய்விட்டார். அன்றைக்கு முழுவதும் எனக்கு மனசே சரியில்லை.

இன்னும் பதினோரு பேருக்கு எங்கே போவது? அவர்கள் கண்ணுக்கெதிரேதான் இருந்தார்கள். நாங்கள்தான் பார்க்கவில்லை. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் 'லோக்கல்' முஸ்லிம்கள் சில குடும்பங்கள் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். இந்துஸ்தானி பேசுவார்கள். கைதிப் பரம்பரை என்று எங்கள் ஆட்கள் அவர்களைப் பள்ளிக்குக் கூப்பிட்டதே இல்லை. பெருநாள் தொழுகையை அவர்கள் ஒரு மரத்தடியில் தனியாகத் தொழுதுகொள்வார்கள். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை.

லாத்தாவுக்கு இந்துஸ்தானி கடையில் பேசுகிற அளவுக்குத்தான் வரும். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்களில் தலையாள் சுலைமான், டிங்கிப் படகு ஓட்டுகிறவர். அவர் மனைவி நா மூ, பக்கத்து வெபி கிராமத்துக் கரேன் பெண், கிறிஸ்தவர். கரேன் ஜனங்கள் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்தான் எங்களுக்குப் பாயை விரித்துப் போட்டார். லாத்தா வழக்கமான கேள்வியைக் கேட்டார். மெயின்லேண்ட் போய் எத்தனை வருஷம்?

சுலைமான் விழித்தார். "மேரா மெயின்லேண்ட் கிதர் ஹை, பஹன்? பாப் இதர் பைதா, மைன் பீ இதர் பைதா. வேற ஊரு எனக்கு ஏது?" என்றார்.

அப்பனும் இங்கே பிறந்தான், நானும் இங்கே பிறந்தேன், எனக்கு எந்த மெயின்லேண்ட் என்று கேட்கிறார். கிதாபு தேடுகிற ஆள் இவர்தான். திரும்பிப் போகிற எண்ணமே இல்லாதவர், போக ஒரு இடமே இல்லாதவர். நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த ஆண்கள் பதினோரு பேரும் ஒரு நொடி யோசிக்காமல் எண்ணிக்கையில் வந்தார்கள். லாத்தா அங்கேயே உட்கார்ந்து கயிற்றில் முடிச்சுப் போட்டார். நாற்பது.

படகில் திரும்பினோம். கரை ஏறியதும், "இவுக வீட்டு வாசலை மிதிக்க நமக்கு இத்தனை வருஷம் ஆச்சு தம்பி. அதுவும் எனக்குக் காரியம் ஆகணும்னு போனேன்" என்றார்.

லெப்பை இரண்டு நாள் கிதாபைப் புரட்டினார். அவர்கள் ஹனஃபி மத்ஹப் ஆயிற்றே, சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்று கண்டுபிடித்தார். பிரச்சினை அங்கே வரவில்லை, அகமது நைனாவிடமிருந்து வந்தது. கப்பல் வர மூன்று நாள் இருக்கும்போது கடைக்கு வந்து குதித்தார்.

"அந்தச் சுலைமான் கரேன்காரியக் கட்டியிருக்கான். அவன் மாமியார் வீட்டுல காட்டுப்பன்னி வேகுது. அவன் தோளோட தோள் ஒட்டி நான் நிக்கணுமா? அவன் வந்தா நான் வர மாட்டேன்."

லெப்பையும் அங்கே இருந்தார். "நைனா, கிறிஸ்தவப் பொண்ணை நிக்காஹ் செய்யக் குர்ஆன்லயே அனுமதி இருக்கு. அவர் நிக்காஹும் நடந்திருக்கு. நான் என்ன சொல்லி விலக்குறது?" என்றார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

யாரோ லாத்தாவிடம் மெல்லச் சொன்னார்கள், இந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் சுலைமானை வராதிருக்கச் சொல்லலாமே என்று. "சொன்னா மட்டும் நாற்பது வருமா? அவரை விட்டா முப்பத்தொன்பது, இவரை விட்டா முப்பத்தொன்பது" என்றார் லாத்தா. அப்புறம் குரலை உயர்த்திச் சொன்னார்: "வந்தாலுமே சொல்ல மாட்டேன். ஒரு ஆளை வெளிய நிறுத்தித்தான் இது ஊராகணும்னா, நான் மீராசா காக்கா கூடக் கப்பல் ஏறிடுறேன்." நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மீராசா வியாழக்கிழமை வந்து இறங்கினார். நல்ல உயரம், மெதுவாகப் பேசுகிறவர். தங்கை மேல் உயிர். அவர் திரும்புகிற கப்பல் சனிக்கிழமை. நான் ஏற வேண்டியதும் அதே கப்பல்தான். சாமான் கட்ட ஒரு மரப்பெட்டி வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் லாத்தா கடையிலேயே போய் வாங்கினேன், வெட்கங்கெட்டவன்.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்குப் போனால் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பந்தல். காண்ட்ராக்டர் சொக்கலிங்கம் தார்ப்பாய் கொடுத்திருந்தார். நடுவில் புது மூங்கில் தட்டி ஒன்று. நா மூ இரண்டு நாளில் பின்னியது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஆறேழு பெண்கள் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். லெப்பை திகைத்துப்போனார்.

"பெண்கள் வரக்கூடாதுன்னு கிதாபுல இருக்கா லெப்பை?" என்று தட்டிக்குப் பின்னாலிருந்து லாத்தா கேட்டார்.

"இல்லை... நம்ம ஊர்ல வழக்கமில்லை."

"எந்த ஊர்ல?"

லெப்பை வரிசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அது ஒரு நிமிடச் சிரிப்புதான். லெப்பை எண்ண ஆரம்பித்தார். மாப்பிள்ளைமார் பதினான்கு. லோக்கல் ஆட்கள் பதினொன்று, சுலைமான் புதுச் சட்டை போட்டு முதல் வரிசையின் ஓரத்தில் கூச்சத்தோடு நின்றார். எங்கள் ஆட்கள் பதினான்கு. நைனா வரவில்லை. இன்னொரு முறை எண்ணினார். முப்பத்தொன்பது.

பத்து நிமிடம் பார்த்தோம். கால்மணி நேரம் பார்த்தோம். மீராசா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் வழிப்போக்கர், எண்ணிக்கையில் வர மாட்டார். சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் தங்கை இருக்கிற பக்கம் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை, பாவம். லெப்பை தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப லுஹரே தொழுதுருவோம்" என்றார். பதில் கிடைக்கும் வரை நகராத அந்தப் பெண்பிள்ளை தட்டிக்குப் பின்னால் வாயே திறக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. நைனா மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல.

"என்னைச் சேர்த்துக்கங்க லெப்பை" என்று எழுந்து நின்றேன்.

"நீங்க நாளைக்குப் போறீங்கன்னு..."

"போகலை."

"நிய்யத்து, மனசுல இருக்கிற எண்ணம், அதுதான் முக்கியம் தம்பி. இதுதான் உங்க ஊரா?"

"இதுதான் என் ஊர்."

பச்சைப் பொய். டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது. லெப்பை என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "நாற்பது" என்றார். தொழுகைக்கு அழைக்கிற வாங்கு சொன்னார்கள். மாயாபந்தரில் முதல் ஜும்ஆ நடந்தது. குத்பாப் பிரசங்கம் முடிந்து தொழுகைக்கு நின்றபோது எனக்கு இரு பக்கமும் ஆண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

தொழுகை முடிந்ததும் மீராசா என்னைக் கட்டிக்கொண்டார். "வாக்குக் கொடுத்துட்டேன், விட்டுட்டுப் போறேன். நீங்கள்லாம் இருக்கீங்கன்னுதான் தைரியம்" என்றார். இனி நான் எப்படி அதே கப்பலில் ஏறுவது? சனிக்கிழமை அவரை ஜெட்டியில் வழியனுப்பிவிட்டு வந்து என் பெட்டியை அவிழ்த்தேன். அடுத்த மாதக் கப்பலில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த வெள்ளியும் நான் இல்லையென்றால் முப்பத்தொன்பது. அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். ஒருவர் புதிதாக வந்தால் ஒருவர் போர்ட் பிளேருக்கு மாறிப் போனார். எண்ணிக்கை நாற்பதைத் தாண்டவே இல்லை. வசமாக மாட்டிக்கொண்டேன். தோல் மண்டி வேலை வேறு ஒருவனுக்குப் போனது. மாமா என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

1961-இல், ஊரில் விட்டுவிட்டு வந்திருந்த என் மனைவி பல்கீஸைக் கூட்டி வந்தேன். தனியாக இருந்து அலுத்துவிட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் லாத்தாவின் ஓயாத நச்சரிப்பால் நடந்தது. பயான் என்கிற மார்க்கப் பேச்சு ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் மலையாளம், ஒரு வாரம் இந்துஸ்தானி என்று ஆனது. புருஷன் இல்லாத வீட்டையும் ஜமாஅத்தில் ஒரு தலைக்கட்டாகச் சேர்க்க வேண்டும் என்று இரண்டு வருடம் சண்டை போட்டுச் சேர்த்தார். காலையில் லெப்பையிடம் ஓதிவிட்டு எங்கள் பெண்பிள்ளைகள் நேராக அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றார். போகாத பிள்ளையின் அப்பனுக்குக் கடையில் சாமான் கட்டுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பேச்சு விழும். எத்தனையோ பேர் அந்தப் பேச்சுக்குப் பயந்தே பிள்ளையை அனுப்பினார்கள். பெருநாள் சாப்பாட்டுக்குச் சொக்கலிங்கம் வீடும் சுலைமானின் வெபி கிராமத்துச் சம்பந்திமாரும் வந்தார்கள். நான்காம் வருடம் நைனாவின் மருமகள் தட்டிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த வாரம் நைனாவே வந்தார். சுலைமான் நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான். லெப்பை கூட மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்த பிறகு மனைவியோடு இங்கேயே வந்துவிட்டார்.

1973-இல் பலகைக் கொட்டகை போய்ச் செங்கல் பள்ளி எழுந்தது. பெண்களுக்குத் தனி வாசலோடு ஒரு கூடம். கட்டடக் கமிட்டி ஏழு பேரில் மெஹர்பானு லாத்தாவும் ஒருவர். திறப்பு விழாவுக்கு முந்தின நாள், பள்ளியின் வரலாற்றை நான்கு வரி எழுதிக் கொடு என்று என்னிடம் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. 'நாற்பது பேருடன் தொடங்கியது' என்று எப்படி எழுதுவது? பதினைந்து வருடமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அது. என் ஒருவன் பொய்யால் அத்தனை பேர் தொழுகையும் என்ன ஆயிற்றோ என்று எத்தனையோ நாள் தூங்கியதில்லை. எழுந்து நேராகக் கடைக்குப் போனேன்.

"லாத்தா, ஒண்ணு சொல்லணும். முதல் ஜும்ஆ அன்னிக்கு நான் சொன்னது பொய். டிக்கெட் என் பையிலதான் இருந்துச்சு. போயிரணும்னுதான் இருந்தேன்."

"தெரியும்" என்றார் லாத்தா. பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. "முந்தின நாள் பெட்டி வாங்கினவரு மறுநாள் ஊர்க்காரராகிட்டாரா? எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப அந்த ஜும்ஆ கூடலையே லாத்தா!"

"கூடலைதான். அதனாலதான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு லுஹர் நாலு ரக்அத்தும் தொழுதேன். அடுத்த வெள்ளிக்கும் தொழுதேன். பள்ளியில ஒண்ணு, வீட்டுல ஒண்ணு. மத்தவுக உங்களை நம்பித்தானே நின்னாக, அவுக தொழுகையை ஏத்துக்க ரப்பேன்னு துஆ கேட்டுக்குவேன்."

"எத்தனை நாள் லாத்தா?"

"மூணு வருஷம். பல்கீஸை ஜெட்டியில கையைப் பிடிச்சு இறக்குனீங்கள்ல, அவ ஆட்டுக்கல்லைத் தூக்க ரெண்டு ஆளைக் கூப்பிட்டீங்க. இனி இவரு எங்கயும் போக மாட்டாருன்னு அந்த வெள்ளிக்கிழமையோட விட்டுட்டேன்."

கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதேன். நாற்பத்தொரு வயது ஆம்பிளை. மூன்று வருடம் ஒவ்வொரு வெள்ளியும் இந்தப் பெண்பிள்ளை என் பொய்யைத் தனியாகச் சுமந்திருக்கிறார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள் கூட என்னை முகம் சுளித்துப் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் கேட்கிற ஆளு, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன்.

லாத்தா முறத்தைக் கீழே வைத்தார். "கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பீங்க தம்பி. சொல்லிட்டு, வெட்கப்பட்டுக்கிட்டே கப்பல் ஏறியிருப்பீங்க" என்றார்.

ஆமாம், ஏறியிருப்பேன்.